பக்கத்து வீட்டுச் சாமியைப் பற்றிப் பள்ளியில் பேசலாமா?

வெட்டாற்றங்கரை:

நாகை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். 26 வருடம் ஆகிறது. போன வாரம் வகுப்பில் நடந்த ஒன்று மனதை விட்டுப் போகவே இல்லை. அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

நபிகள் நாயகத்தின் வாழ்வைப் பாடும் சீறாப்புராணப் பாடல் நடத்திக்கொண்டிருந்தேன். சீர் பிரித்து வாசித்து, அருஞ்சொற்பொருளைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்தான். "டீச்சர், இவங்க சாமிக்கு உருவமே கிடையாதுன்னு சொல்றீங்க. அப்ப நாகூர்ல யாரைக் கும்புடுறாங்க?" அவன் கேலிக்காகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டான். ஆனால் வகுப்பு சிரித்துவிட்டது. இரண்டாம் பெஞ்சில் ஒரு முஸ்லிம் பெண்பிள்ளை உட்கார்ந்திருப்பாள். சிரிப்புச் சத்தம் கேட்டதும் பேனா மூடியால் பெஞ்சின் மேல் கோடு இழுக்க ஆரம்பித்தாள். ஒரே இடத்தில், மேலும் கீழுமாக. மணி அடிக்கும் வரை தலை நிமிரவில்லை.

எனக்கும் பதில் தெரியவில்லை. "அது அவங்க நம்பிக்கை, உட்காருப்பா" என்று சொல்லி முடித்துவிட்டேன். உமறுப்புலவரின் உவமை நயத்தை எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளியிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் இருக்கிற தர்காவைப் பற்றி ஒரு பையன் கேட்ட கேள்விக்கு என்னிடம் வார்த்தை இல்லை.

மறுநாள் இடைவேளையில் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "எனக்குச் சொல்லும்மா" என்றேன். "அங்க அடக்கமாயிருக்கிறவங்க ஒரு பெரியவங்க டீச்சர். கேக்குறது அல்லாகிட்டதான். நாங்க கந்தூரி விழாவுக்குப் போவோம். எங்க மாமா வீட்ல மட்டும் அங்கெல்லாம் போகக் கூடாதும்பாங்க." நாலே வாக்கியம். ஒரே மதத்துக்குள், ஒரே குடும்பத்துக்குள் இரண்டு கருத்து உண்டு என்பது வரை அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. இதை முதல் நாள் வகுப்பில் நான் சொல்லியிருந்தால் அவள் தலை குனிந்திருக்க மாட்டாள்.

என் கருத்து இதுதான்: பள்ளியில் மதங்களைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரு மதத்தைப் போதிப்பதைச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் என்ன நம்புகிறார், ஏன் நோன்பு இருக்கிறார், அவர் வீட்டுச் சாவில் ஏன் பறை இல்லை, ஏன் சிலர் காவி கட்டி வேளாங்கண்ணிக்கு நடக்கிறார்கள், இதையெல்லாம் ஓர் ஆசிரியர் நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும்.

"நாமதான் ஒன்னா பழகுறோமே, பாடம் எதுக்கு?" என்று என் கணவரே கேட்டார். பழகினோம், உண்மைதான். நான் படித்தபோது ஊருக்கு ஒரே ஊராட்சி ஒன்றியப் பள்ளி. எல்லார் வீட்டுப் பிள்ளையும் ஒரே தரையில் உட்கார்ந்தோம். இன்று காலை ஏழரை மணிக்கு எங்கள் தெருமுனையில் நின்று பாருங்கள். ஒரே தெருப் பிள்ளைகளை நான்கு வேன் நான்கு பக்கம் ஏற்றிக்கொண்டு போகிறது. பழகித் தெரிந்துகொள்ள இனி நேரம் எங்கே இருக்கிறது? மிச்சத்தை வாட்ஸ்அப்பில் தெரிந்துகொள்கிறார்கள். அங்கே பாடம் நடத்துகிறவர் யார் என்று நமக்கே தெரியாது.

சட்டத்தைப் பற்றிச் சந்தேகம் வரும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28-வது உறுப்பு. ஆனால் கோத்தாரி கல்விக் குழுவே (1964–66) மதத்தைப் போதிப்பது வேறு, மதங்களைப் பற்றிய கல்வி வேறு என்று பிரித்துச் சொன்னது. இரண்டாவது நடக்கலாம், நடக்க வேண்டும் என்றும் சொன்னது. 2002-ல் உச்ச நீதிமன்றமும் அருணா ராய் வழக்கில், மதங்களைப் பற்றிப் படிப்பது 28-வது உறுப்புக்கு எதிரானது இல்லை என்றுதான் தீர்ப்புச் சொன்னது. ஆக, நாம் பேசாமல் இருப்பதற்குச் சட்டம் காரணம் இல்லை.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கடைமடைக்காரன்:

டீச்சர், உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் இதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை.

பள்ளிதான் மதம் பேசாத ஓர் இடமாக மிச்சம் இருக்கிறது. அதையும் திறந்துவிட வேண்டாம். வீட்டில் சாமி, தெருவில் சாமி, டிவியில் சாமி. பிள்ளைக்கு ஆறு மணி நேரமாவது அறிவியலும் கணக்கும் இருக்கட்டும். நீங்கள் நல்ல மனதோடு கேட்கிறீர்கள். ஆனால் பாடத்திட்டம் எழுதுகிறவர் நீங்கள் இல்லை. எந்த ஆட்சி வருகிறதோ அதன் கை அதில் இருக்கும்.

இன்னொன்று. மதத்தைச் சொல்லிக்கொடுப்பது என்றால் நல்ல பக்கத்தை மட்டுமா? நந்தனார் ஆதனூர்க்காரர். சிதம்பரத்துக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று ஏங்கியே காலம் கழித்தவர். திருப்புன்கூரில் நந்தி விலகியது என்று பிள்ளைகளுக்கு அழகாகச் சொல்வீர்கள். ஏன் விலக வேண்டியிருந்தது? அவர் ஏன் வெளியே நின்றார்? தில்லையில் தீயில் இறங்கித்தான் உள்ளே போக முடிந்தது என்றால் அது யார் வைத்த தீ? திருஞானசம்பந்தர் காலத்தில் எண்ணாயிரம் சமணர் கழுவேறியதாகச் சைவ நூல்களே சொல்கின்றன. அதை எந்த வகுப்பில் வைப்பீர்கள்?

இதைச் சொல்லும் தைரியம் பாடநூலுக்கு வராது. சொல்லவில்லை என்றால் அது பாடம் ஆகாது, பஜனைதான். ஒடுக்கப்பட்ட சாதியினர் வாழும் எங்கள் ஊர்த் தெற்குத் தெருப் பிள்ளை அந்த வகுப்பில் உட்கார்ந்து என்ன நினைப்பான் என்று யோசியுங்கள்.

ஐயாற்றுக்காரி:

நான் ஒரு தாய், அவ்வளவுதான். டீச்சர் அளவுக்குப் படிக்கவில்லை.

என் மகன் படிப்பது ஆங்கில வழித் தனியார் பள்ளி. ஊர் திருவையாறு. சித்திரையில் ஏழூர்ப் பல்லக்கு வீட்டு வாசல் வழியாகப் போகும். "அம்மா, எதுக்கு ஏழு ஊர் சுத்துது?" என்று கேட்டான். நந்திதேவர் கல்யாணம், அப்பா அம்மா மாதிரி ஐயாறப்பர் மருமகளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக நன்றி சொல்லப் போகிறார் என்று எங்கள் மாமியார் சொன்ன கதையைச் சொன்னேன். அதற்கு மேல் தெரியவில்லை. அப்பர் கயிலைக் காட்சி கண்ட ஊர் இது. அவர் பாட்டில் ஒன்றுகூட என் பிள்ளைக்கு வராது. தன் வீட்டையே தெரியாத பிள்ளைக்குப் பக்கத்து வீட்டைப் பற்றி என்ன சொல்லிக்கொடுப்பது? முதலில் அவரவர் சமயத்தை அவரவர்க்குச் சொல்லிக்கொடுக்கட்டும் என்பதுதான் என் ஆசை.

இதையும் சொல்ல வேண்டும். முன்பு அவனை வேறொரு பள்ளியில் போட்டிருந்தோம், பெயர் வேண்டாம். தினமும் காலையில் கண்ணை மூடி ஒரு ஜெபம். ஒரு நாள் தூக்கத்தில் அதைச் சொன்னான். ஜெபம் கெட்டது என்று சொல்லவில்லை, நல்ல வார்த்தைகள்தான். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. சேர்க்கும்போது கையெழுத்து வாங்கிய பத்துத் தாளில் இதற்கு ஒரு தாள் இருந்திருக்கலாம். ஆசிரியரிடம் கேட்டதற்கு, "உங்களுக்கு வேண்டாம்னா வேற ஸ்கூல் பாருங்க" என்றார். அன்றிலிருந்து பள்ளியில் மதம் என்றாலே எனக்குள் ஒரு பயம் இருக்கிறது.

வெட்டாற்றங்கரை:

ஐயாற்று அம்மாவுக்கு முதலில். உங்களைக் கேட்காமல் செய்தது தப்பு. மனக்குறை என்ற அளவில் விட்டுவிட வேண்டிய விஷயம் இல்லை இது. 28-வது உறுப்பின் மூன்றாம் பிரிவே அதைச் சொல்கிறது: அரசு அங்கீகாரம் பெற்ற அல்லது அரசு உதவி பெறும் எந்தப் பள்ளியிலும் சமய போதனைக்கோ வழிபாட்டுக்கோ பிள்ளையை உட்கார வைக்க வேண்டுமானால் பெற்றோர் சம்மதம் வேண்டும். "வேற ஸ்கூல் பாருங்க" என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை.

அவரவர் சமயத்தைப் பள்ளியே சொல்லித்தர வேண்டும் என்கிறீர்கள். அதற்கு நம் பக்கம் வேறு இடங்கள் இருக்கின்றன அம்மா. ஓதுவார் இருக்கிற கோயில்களில் திருமுறை வகுப்பு நடக்கிறது. முஸ்லிம் பிள்ளைகள் விடிந்ததும் ஓதப் போகிறார்கள். மாதா கோயிலில் ஞாயிறுதோறும் மறைக்கல்வி. இந்த மூன்றிலும் பிள்ளை தன்னைத் தெரிந்துகொள்கிறான். அடுத்தவனைத் தெரிந்துகொள்ளத்தான் இடம் இல்லை. எல்லாரும் ஒன்றாக உட்காரும் ஒரே கூரை பள்ளிக்கூடம், அதனால்தான் அங்கே கேட்கிறேன்.

கடைமடைத் தம்பி, நந்தனாரைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்வி அவ்வளவையும் அப்படியே வகுப்பில் கேட்க வேண்டும் என்கிறேன். அவர் ஏன் வெளியே நின்றார் என்று கேட்காத பாடம் எனக்கும் வேண்டாம். சமணர் கழுவேற்றத்தை வரலாற்றாசிரியர்கள் ஒரே குரலில் ஏற்கவில்லை. அதையும் சொல்லலாம்: ஒரு நூல் சொல்வதெல்லாம் நடந்ததா, எப்படிச் சரிபார்ப்பது என்று பிள்ளைகள் யோசிக்க இதைவிட நல்ல இடம் ஏது? நாம் பேசாமல் இருந்தால் தெற்குத் தெருப் பிள்ளைக்கு என்ன லாபம்? அவனை வெளியே நிறுத்தியது எது என்று பெயர் சொல்லக்கூட யாரும் இல்லாமல் போகும்.

நாகூர் நானா:

டீச்சரம்மா எழுதியதைப் படித்ததும் அந்தப் பிள்ளை இடத்தில் என்னைத்தான் பார்த்தேன். எனக்கு இப்போது ஐம்பத்தேழு வயது.

ஏழாம் வகுப்பில் நோன்பு நாளில் டிரில் பீரியட். வெயில். வாத்தியார் எல்லாரையும் மூன்று சுற்று ஓடச் சொன்னார். ஓடினேன். தொண்டை காய்ந்து உட்கார்ந்துவிட்டேன். கூட்டாளிகள் குழாயடியிலிருந்து இரண்டு கையிலும் தண்ணீர் ஏந்திக்கொண்டு ஓடி வந்தார்கள். வேண்டாம் என்றேன். "எச்சி கூட முழுங்க மாட்டானாம்டா" என்று ஒருத்தன் சொல்ல, எல்லாரும் என் தொண்டையையே பார்த்தார்கள். நானும் பயந்துபோய் எச்சிலைத் துப்பிக்கொண்டே இருந்தேன். எச்சில் விழுங்கினால் நோன்பு முறியாது என்று எனக்கே அப்போது தெரியாது! எனக்கும் யாரும் சொல்லவில்லை, அவர்களுக்கும் யாரும் சொல்லவில்லை. தண்ணீர் ஏந்தி வந்தவன் கை விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகிக்கொண்டே நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அவன் கெட்டவன் இல்லை. அன்று சாயங்காலம் எங்கள் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு வந்து நின்றவனும் அவன்தான்.

அதனால் பாடம் வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் எனக்கு ஒரு பயம் உண்டு. எங்களைப் பற்றிப் பாடம் எழுதினால் தர்காவும் சந்தனக்கூடும் பிரியாணியும் மட்டும் வரும். கந்தூரிக் கொடி நாகப்பட்டினத்திலிருந்து ஊர்வலமாக வரும், தர்காவின் உயரமான மினாரைக் கட்டிக்கொடுத்தது தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். இதெல்லாம் எங்களுக்குப் பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் ஜகாத் என்றால் என்ன, சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கை ஏழைக்கு ஏன் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறோம் என்பது யாருக்காவது தெரியுமா? ஜும்ஆவுக்கு வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் விடச் சொல்லிப் பையன் கேட்டால் அவன் கட் அடிக்கப் பார்க்கிறான் என்றுதான் நினைக்கிறார்கள்.

எங்களைப் பற்றி எழுதும்போது எங்களிடம் கேட்டு எழுதட்டும். இந்துவைப் பற்றி இந்துவிடம், கிறிஸ்தவரைப் பற்றிக் கிறிஸ்தவரிடம். இந்த ஒன்று நடந்தால் போதும்.

பத்தாவது பிள்ளையின் அப்பா:

எல்லாம் நல்ல பேச்சு. பீரியட் எங்கே இருக்கிறது? நீதிபோதனை என்று வாரம் ஒன்று போட்டிருக்கிறார்கள், அதையே கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்கிறார். 2016-ல் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம், திருக்குறளில் அறத்துப்பால் பொருட்பால் அதிகாரங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று தீர்ப்பே சொன்னது. என் பிள்ளை குறளை மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் வாங்குகிறான், அவ்வளவுதான். இதையும் மனப்பாடப் பகுதி ஆக்கிவிடுவார்கள்.

தரங்கம்பாடிக் கடற்கரை:

நாகூர் நானா சொன்ன "எங்களிடம் கேட்டு எழுதட்டும்" என்பதற்கு எங்கள் ஊரிலேயே பழைய கதை ஒன்று இருக்கிறது.

ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். வந்தது மதம் மாற்றத்தான், அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. வந்ததும் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரல் வைத்துத் தமிழ் எழுதிப் பழகினார். பிறகு ஊர் ஆட்களைக் கேட்டுக் கேட்டு, இங்குள்ளவர்கள் என்னென்ன சாமி கும்பிடுகிறார்கள், ஊர்த் தெய்வங்கள் எவை என்று 1713-ல் ஒரு பெரிய நூலாகவே எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். ஹாலேயில் இருந்த அவருடைய பெரியவர்கள் அச்சிட மறுத்துவிட்டார்கள். அந்த மதத்தை ஒழிக்க அனுப்பினோம், பரப்புவதற்கு இல்லை என்பது அவர்கள் எண்ணம். அது அச்சில் வந்தது 1867-ல், சென்னையில். ஒன்றரை நூற்றாண்டு தூங்கியது.

அடுத்தவர் நம்பிக்கையை அவரையே கேட்டு எழுதினால் எழுதுகிறவர் மனசே கொஞ்சம் மாறும் போலிருக்கிறது. அதற்குத்தான் ஹாலேயில் இருந்தவர்கள் பயந்தார்கள் என்று நான் நினைக்கிறேன்.

மாயூரத்தான்:

என் மனைவிக்கு ஊர் யாழ்ப்பாணம். இலங்கையில் சமயம் கட்டாயப் பாடம், சாதாரண தரப் பரீட்சை வரைக்கும். அவள் சைவநெறியில் நல்ல புள்ளி வாங்கியவள். ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடை இன்றும் வரி தப்பாமல் சொல்வாள். ஐயாற்று அம்மா கேட்பது அங்கே நடக்கிறது.

ஆனால் அவள் சொன்ன இன்னொன்றையும் கேளுங்கள். சமய பாட மணி அடித்ததும் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஓர் அறைக்கு, சைவப் பிள்ளைகள் ஓர் அறைக்கு. பத்து வருடம் ஒரே வகுப்பில் இருந்த சிநேகிதி அந்த நாற்பது நிமிடம் அந்த அறையில் என்ன படித்தாள் என்று அவளுக்குக் கடைசி வரை தெரியாது. தன் சமயத்தை நன்றாகப் படித்தாள், பக்கத்து அறையைப் பற்றி ஒன்றும் படிக்கவில்லை.

எங்கள் ஊர்க்காரர் வேதநாயகம் பிள்ளையையும் நினைத்துக்கொள்கிறேன். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த கத்தோலிக்கர். சர்வ சமயங்களுக்கும் பொதுவாகக் கீர்த்தனை எழுதினார். திருவாவடுதுறைச் சைவ ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரைப் பற்றிக் கவி பாடினார். ஆதீனமும் அவரை அன்போடுதான் நடத்தியது. இரண்டு பேரும் தத்தம் சமயத்தை விடவே இல்லை.

பூண்டிப் பாதை:

மாயூரத்தார் சொன்ன இரண்டு அறைகளுக்குள்தான் நான் வேலை பார்க்கிறேன். அரசு உதவி பெறும் கத்தோலிக்கப் பள்ளி, ஆசிரியையாகப் பதினெட்டு வருடம்.

எங்களிடம் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி. யாரையும் கட்டாயப்படுத்துவது இல்லை, அதில் கவனமாக இருக்கிறோம். ஆனால் மணி அடித்து ஒரு பாதிப் பிள்ளைகள் நோட்டை எடுத்துக்கொண்டு எழும்போது மீதிப் பாதி அவர்களைப் பார்க்கிற பார்வையை வருடாவருடம் பார்க்கிறேன். ஆறாம் வகுப்பில் முதல் வாரம் "நீங்க எங்க போறீங்க?" என்று ஆசையாகக் கேட்பார்கள். ஒன்பதாம் வகுப்பு வரும்போது யாரும் கேட்பதில்லை.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடில் கட்டும்போது மட்டும் எல்லாரும் வருவார்கள். வைக்கோல் கொண்டுவருவது பெரும்பாலும் இந்துப் பிள்ளைகள்தான், அவர்கள் வீட்டில்தான் மாடு இருக்கிறது. குறுவை வைக்கோல், மழையில் நனைந்து கறுத்திருக்கும், அதை வெயில் வரும்போது பள்ளி மைதானத்தில் உலர்த்துவோம். ஒரு வருடம் ஒரு பையன் வைக்கோலைப் பரப்பிக்கொண்டே கேட்டான்: "டீச்சர், சாமி எதுக்கு மாட்டுக்கொட்டாயில பொறந்துச்சு? எடமில்லையா?" "இடமில்லைன்னு சொல்லிட்டாங்கப்பா" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க பாட்டிகூட எங்கம்மா பொறந்தப்ப நடவுல இருந்துச்சாம்" என்றான். மறைக்கல்விப் புத்தகத்தில் நான் நடத்திய எந்தப் பாடமும் இவ்வளவு தூரம் போனதில்லை.

குடில் கட்டும்போது நடப்பதைப் பாடவேளையிலும் நடத்தலாம் என்று நிர்வாகத்திடம் கேட்டுப் பார்க்கப் போகிறேன். நன்னெறி, மறைக்கல்வி இரண்டையும் மாதத்தில் ஒரு நாளாவது ஒரே அறையில் வைக்கலாமே.

மகாமகக்குளம்:

குடந்தைக்காரன், பன்னிரண்டு வருடமாக லண்டனில். இங்கே சமயக் கல்வி சட்டப்படியே உண்டு, 1944 முதல். வேண்டாம் என்றால் பெற்றோர் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம். என் பெண் பள்ளியிலிருந்து குருத்வாராவுக்குப் போய், தலையில் துணி கட்டி, பந்தியில் சப்பாத்தி சாப்பிட்டு வந்தாள். தீபாவளிக்கு அவள் வகுப்பில் பேசினாள். வீட்டில் வந்து கேட்டாள்: "அப்பா, நரகாசுரன் கதைன்னு நீங்க சொன்னீங்க, புத்தகத்துல ராமர் அயோத்திக்கு வந்ததுன்னு இருக்கே?" புத்தகம் எழுதியவருக்கு வடக்கத்திக் கதைதான் தெரிந்திருக்கிறது. அவள் வகுப்பில் இரண்டையும் சொன்னாள், ஆசிரியை புத்தக ஓரத்தில் குறித்துக்கொண்டாராம்.

நானா சொல்லும் பயம் நியாயமானது. ஆனால் தப்பாக எழுதிய புத்தகத்தைக்கூட வகுப்பில் இருக்கிற பிள்ளை திருத்தலாம். புத்தகமே இல்லையென்றால் திருத்தவும் ஒன்றும் இல்லை.

அப்புறம், 2028-ல் மகாமகம். அதற்குள் கும்பகோணத்துப் பள்ளிகளாவது பிள்ளைகளுக்கு அது என்ன என்று ஒரு பீரியட் சொல்லட்டும். போன தடவை என் அக்கா மகன் "ரோடு அடைச்சிடுவாங்க, லீவு விடுவாங்க" என்ற அளவில்தான் தெரிந்து வைத்திருந்தான்.

கடைமடைக்காரன்:

எல்லாவற்றையும் படித்தேன். நானா எழுதிய எச்சில் கதை என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது.

நான் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு நிபந்தனையோடு கேட்கிறேன். கடவுள் இல்லை என்கிறவனுக்கும் அந்தப் பாடத்தில் இடம் உண்டா? எங்கள் அப்பா திராவிடர் கழகம். எங்கள் வீட்டில் கல்யாணம் மாலை மாற்றி, உறுதிமொழி வாசித்து முடிந்தது. பள்ளியில் என்னிடம் "உங்க சாமி எது?" என்று கேட்டபோது நான் சொன்ன பதிலுக்கும் வகுப்பு சிரித்தது. டீச்சரின் இரண்டாம் பெஞ்சில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

வெட்டாற்றங்கரை:

தம்பி, உண்டு. உங்களுக்கு இடம் இல்லாத பாடம் முழுப் பாடம் இல்லை.

மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை என்று 27-வதாக ஒன்று வரும். பூம்புகாரில் வளர்ந்த பெண் வஞ்சி நகரத்தில் ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய், "உங்கள் கொள்கை என்ன, சொல்லுங்கள்" என்று கேட்கிறாள். சைவவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகர், நிகண்டர் என்று வரிசையாகப் போய்க் கடைசியில் பூதவாதியிடம் வருகிறாள். கண்ணால் காண்பதைத் தவிர வேறெதையும் நம்ப மாட்டேன் என்பவர் அவர். அவரையும் வரிசையில் நிறுத்திக் கேட்கிறாள், எதிர்க்கேள்வியும் கேட்கிறாள்.

கடைமடைக்காரன்:

டீச்சர், அது பௌத்த நூல். மற்ற எல்லாரையும் கேட்டுவிட்டு அவள் நிற்பது பௌத்தத்தில்தான். பூதவாதியைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறாள். நடுநிலைக்கு அதை உதாரணம் காட்டாதீர்கள்.

வெட்டாற்றங்கரை:

சரிதான், ஒப்புக்கொள்கிறேன். மணிமேகலையை எழுதிய சாத்தனார் முடிவை முன்பே வைத்துக்கொண்டுதான் எழுதினார். நான் கேட்கும் வகுப்பில் அந்த முடிவு இருக்கக் கூடாது. கேட்கிற முறையை மட்டும் அவளிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன்: ஆளிடமே போய்க் கேட்பது.

அதற்கு இன்னும் நல்ல உதாரணம் உ.வே.சா. 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தவர். சைவ மடத்தில் படித்த தமிழ். சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணி தெரியுமா என்று கேட்டபோதுதான் தான் படிக்காதது எவ்வளவு என்று அவருக்கே தெரிந்தது. ஏட்டைப் பிரித்தால் சொல் புரிகிறது, பொருள் புரியவில்லை. சமணம் தெரியாமல் அந்த நூல் திறக்காது. கும்பகோணத்திலேயே சமணக் குடும்பங்கள் இருப்பதைத் தெரிந்துகொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்டார். 1887-ல் பதிப்பு வந்தது. அந்த வீடுகளுக்குப் போகக் கூச்சப்பட்டிருந்தால் தமிழுக்கு அந்தப் புத்தகம் எப்படிக் கிடைத்திருக்கும்?

எங்கள் பாடநூலில் தேவாரம், பிரபந்தம், சீறாப்புராணம், தேம்பாவணி, சிந்தாமணி, மணிமேகலை எல்லாம் இருக்கின்றன. தனிப் பீரியட் இல்லை என்று பத்தாவது பிள்ளையின் அப்பா சொன்னார். எனக்குத் தனிப் பீரியடும் வேண்டாம், தேர்வும் வேண்டாம். தமிழ்ப் பீரியடே போதும். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் பத்து நிமிடம். அந்தச் சமயத்துப் பிள்ளை விருப்பப்பட்டால் அவள் பேசட்டும், விருப்பம் இல்லை என்றால் நான் படித்துக்கொண்டு வந்து பேசுகிறேன். ஒருத்தியை எழுப்பி நிறுத்தி அவள் மதத்துக்கே பதில் சொல்ல வைப்பது கொடுமை, அதை மட்டும் செய்ய மாட்டேன்.

நேற்று தொடங்கிவிட்டேன். அந்தக் கடைசி வரிசைப் பையனுக்கு வகுப்பில் எல்லார் முன்னாலும் பதில் சொன்னேன். "அன்னைக்கு எனக்குத் தெரியல, தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுட்டு வந்தேன்" என்று சொன்னேன். யாரிடம் கேட்டேன் என்று சொல்லவில்லை. இரண்டாம் பெஞ்சில் இருந்தவள் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். பையன் கையைத் தூக்கி, "அப்ப எங்க ஊர்ச் சித்தர் சமாதி மாதிரியா டீச்சர்?" என்றான். அவளே திரும்பி, "கிட்டத்தட்ட" என்றாள்.

அடுத்த மாதம் சிந்தாமணி வருகிறது. வகுப்பில் ஒரு சமணப் பிள்ளையும் இல்லை. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

நாகூர் நானா:

டீச்சரம்மா, "கிட்டத்தட்ட" என்று சொல்லியிருக்கிறாள் பாருங்கள், அந்தப் பிள்ளைக்கு என் சலாம் சொல்லுங்கள்.

குடமுருட்டி:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். டீச்சர், மன்னார்குடியில் மல்லிநாதர் சினாலயம் இருக்கிறது. குடவாசல் பக்கம் தீபங்குடியிலும் பழைய சினாலயம் ஒன்று உண்டு. இரண்டும் தமிழ்ச் சமணர் வழிபடும் கோயில். மன்னார்குடியில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார், பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார், பிள்ளைகள் என்றால் உட்கார வைத்துப் பேசுவார். அவரிடம் கேட்டுவிட்டு உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்புகிறேன். சனிக்கிழமை காலை என்றால் நல்லது. எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று மட்டும் சொல்லுங்கள், வேனுக்கு நான் பேசி வைக்கிறேன்.